எண்பதுக்கு ஐந்து

1

போன செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு ஒரு பனியன் திரும்பி வந்தது. வெள்ளை நிறம், அரைக்கை, மீடியம் சைஸ். தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இணையத்தில் துணி வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கும் கிடங்கில் வேலை. கறை இருக்கிறதா, சென்ட் வாசனை அடிக்கிறதா, கல்யாணத்துக்கு ஒருநாள் போட்டுவிட்டு நல்ல பிள்ளைபோலத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா என்று பார்த்து, தேறுவதை மடித்து மறுபடி விற்பனைக்கு அனுப்ப வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பனியனை உள்பக்கம் திருப்பினேன். அக்குள் தையலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செக்கிங் மேசையில் ஏதோ ஒரு பெண் ஒட்டியது. தையலைச் சரிசெய்தவர்கள் அதைப் பிய்க்க மறந்துவிட்டார்கள். லேபிளில் இந்தியா என்று மட்டும்தான் போட்டிருந்தது. திருப்பூராக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நான் திருப்பூர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து மேசை பிர்கிட் எட்டிப் பார்த்து, "என்ன அது?" என்றாள்.

"இந்த இடத்தில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம்."

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "ஒரு தப்பும் தெரியவில்லையே" என்றாள்.

அன்றிலிருந்து திருப்பூர் என்னை விடவில்லை. நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அந்த ஊரை நினைத்து நான் ஏங்கியதில்லை. அது அதன் பாட்டுக்கு இருக்கிறது. நான் ஏங்குவது நான்கே வருடம் இருந்த திருப்பூருக்கு. அங்கேதான் ஒருவரைக் காதலித்தேன். அங்கேதான் அவரை விட்டு வந்தேன். அவரையே கட்டியிருந்தால் இன்றைக்கு என்னில் என்ன மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் சில நாள் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஊருக்கு ஒருத்தி ஏங்குவாளா என்று கேட்பீர்கள். ஏங்குகிறேன், என்ன செய்ய.

2

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. அவிநாசிபாளையத்தில் ரோட்டை ஒட்டி ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. என்னோடு பேச்சியம்மாள், சங்கரன்கோவில்காரி. இரண்டு பேரும் தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். காலை பஸ்ஸில் ஏறினால் காலைத் தரையில் வைக்க இடம் இருக்காது. டிபன் பாக்ஸ் வாசனையும் மல்லிகைப்பூவும் புதுத்துணியின் ஆவி வாசனையும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இங்கே பஸ்ஸில் ஆளுக்கு இரண்டு சீட் காலியாக இருக்கிறது, ஒரு வாசனையும் இல்லை. சில நாள் அந்த நெரிசலுக்காகவே அழுகை வரும்.

செக்கிங் என்றால் நீள மேசை, தலைக்கு மேல் டியூப் லைட், முன்னால் பனியன் குவியல். ஒவ்வொன்றாக விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கோணல் லேபிள் என்று தேட வேண்டும். கண்டால் அந்த இடத்தைக் காட்டி அம்பு ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கும் இடத்தில் ஒட்ட எங்களிடம் எந்த ஸ்டிக்கரும் கிடையாது. ஒரு பீஸை நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொல்லும் விதம், ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் தள்ளுவது.

கம்பெனியில் எல்லோரும் எல்லோருக்கும் "ங்க" போடுவார்கள். வந்த புதிதில், பெருக்க வந்த அம்மாளுக்கு மொதலாளி "ஏனுங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டிருங்க" என்றதைக் கேட்டு நானும் பேச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் சொந்தச் சித்தப்பாவுக்கே அவ்வளவு மரியாதை கிடைக்காது. அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்தது. ஜெர்மன் மொழியிலும் மரியாதைக்கு ஒரு சொல், உரிமைக்கு ஒரு சொல் உண்டு. நான் மேல்வீட்டுக்காரரின் நாயைக்கூட மரியாதைச் சொல்லால்தான் கூப்பிட்டேன். மாடிப்படியில் அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

3

சரவணன் ஒரு பையிங் ஆபீஸில் குவாலிட்டி பார்ப்பவர். வெளிநாட்டுக்காரன் கொடுத்த ஆர்டர் ஒழுங்காகப் போகிறதா என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சோதிக்கிற வேலை. சொந்த ஊர் குண்டடம் பக்கம். தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு. அவர் வந்தால் சூப்பர்வைசரே எழுந்து நிற்பார்.

ஒருநாள் என் மேசைக்கு வந்து ஒரு பீஸைக் கையில் எடுத்தார். கழுத்துப் பட்டியில் ஊசி பட்டு வந்த துளை, எறும்புக் கண் அளவு. அதில் அம்பு ஒட்டியிருந்தேன்.

"ஏனுங்க, இதை நீங்கதான் புடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"எனக்கே தெரியலீங்க. நல்ல கண்ணு உங்களுக்கு."

நான் பிறந்த நாளிலிருந்து என் கண்ணை யாரும் பாராட்டியதில்லை. எடுத்துவைத்த சோற்றை அன்று மத்தியானம் சாப்பிட மறந்தேன். மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில் அவரோடு டீயும் பப்ஸும் என்று ஆகிவிட்டது. பேச்சி துணைக்கு வந்து, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, எங்கள் கணக்கில் தேங்காய் பன் தின்பாள்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் சொன்னார். "உரக்கச் சிரிக்காத ரோஸு, நாலு பேரு பாக்கறாங்கல்ல." சரி என்று வாயைப் பொத்திக்கொண்டேன். மஞ்சள் சுடிதார் என் நிறத்துக்கு ஒத்துவரவில்லை என்றார். அதைப் பேச்சிக்குக் கொடுத்தேன். நான் "சொல்லுதேன்" என்பது அவர் காதுக்குக் கரடுமுரடாக இருந்தது. "சொல்றேன்" என்று பழகினேன். கருவாடு வறுத்த வாசனை முடியில் நிற்கிறது என்றார். கருவாட்டை விட்டேன். பெரிய உருண்டையாகச் சாப்பிடுகிறேன், கையை ஆட்டிப் பேசுகிறேன், நடக்கும்போது செருப்பைத் தேய்க்கிறேன். எல்லாவற்றுக்கும் அவர் அண்ணி ஓர் அளவு. எந்த ஆர்டருக்கும் வெளிநாட்டுக்காரன் சம்மதித்து சீல் வைத்த சாம்பிள் ஒன்று கம்பெனியில் தொங்கும். தைக்கிறதை எல்லாம் அதனோடு வைத்துத்தான் பார்ப்போம். அவருக்கு அண்ணி அப்படி. அந்த அம்மாளை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

இதைப் படிக்கிற உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு அப்போது வரவில்லை. என் தொழில் புத்தி அது. நாள் முழுக்கக் குறை தேடிச் சம்பாதிக்கிறவள் நான். ஒரு பீஸில் அம்பு ஒட்டுகிறோம் என்றால், அதைத் திருத்திக் கப்பலேற்ற நினைக்கிறோம் என்று அர்த்தம். உதவாததை அம்பு ஒட்டாமல் மூலையில் வீசிவிடுவோம். இவர் இவ்வளவு குறை பார்க்கிறார் என்றால் என்னை எவ்வளவு உயரத்தில் வைக்க நினைக்கிறார் என்று நான் பூரித்துப்போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பூரித்துத்தான் போனேன். செக்கிங் மேசையில் உட்காராத ஒருத்தி அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

ஒரு ஞாயிறு பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டு போனில் அம்மா வந்தாள். நலம் விசாரித்தேன், மழை கேட்டேன்.

"ஏட்டி ரோஸு, பக்கத்துல யாரும் நிக்காவளா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, ஏன்?"

"இல்ல... யாரோ பேசுதது மாதிரி இருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?"

பூத்தை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று பேச்சி கேட்டாள். அம்மாவுக்கு என் பேச்சே அடையாளம் தெரியவில்லை என்றேன்.

4

குண்டடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். கல்யாணப் பேச்சுக்கு முன்னால் அவர் அம்மா ஒருதரம் பார்க்கட்டும் என்று. வண்டியில் போகும்போதே சொன்னார்: "அம்மாகிட்ட ரோஸ்லின்னு சொல்ல வேண்டாம். ரோஜான்னு சொல்லிக்கலாம். சர்ச்சு விசயமெல்லாம் நான் பக்குவமாப் பொறவு பேசிக்கறேன்."

அவர் அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். வாசலுக்கே வந்து கையைப் பிடித்தார். "வா கண்ணு, ஊட்டுக்குள்ள வா. என்ன வெயிலு, கருத்துப்போயிட்டயே. மோர் குடி மொதல்ல." இலை போட்டு அவரே பரிமாறினார். நான் பழகியபடி சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்றேன்.

"ஏஞ்சாமி இப்படிக் கொறிக்கறே? வேலைக்குப் போற புள்ள. நல்லா அள்ளி உண்ணு."

நான் சரவணனைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் பசியோடு இலையை மடித்தேன். "ரோஜா, அழகான பேரு" என்று அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவியபோது அந்த நல்ல மனுஷியைப் பார்த்துப் பொய் சொல்கிறோமே என்று கூசியது.

திரும்பி வரும்போது வண்டியில் தப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். செருப்பை வாசலில் கோணலாக விட்டேன். மோரைச் சத்தம்போட்டுக் குடித்தேன். அண்ணி பேசும்போது குறுக்கே பேசினேன். அவிநாசிபாளையம் வருவதற்குள் பதினொன்று ஆகியிருந்தது. தொழில் பழக்கம், எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன்.

இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இதற்குமுன் வேறு பெயரில் அறியப்பட்டிருக்கிறீர்களா? ஏற்கெனவே குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அலைந்துவிட்டேன். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்று சொன்னால் அலுவலகத்துப் பெண் என்னவோ நான் எதையோ ஒளிப்பதுபோலப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு "இல்லை" என்று எழுதினேன்.

5

அடுத்த மாதம் எங்கள் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். கப்பலுக்குப் போகும் முன் கடைசிச் சோதனை. வந்தவர் சரவணன். பெட்டியைப் பிரித்து பீஸை விரித்துக் கொடுக்க என்னை நிறுத்தினார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கமாட்டார்கள். ஆயிரம் பீஸ் லாட் என்றால் எண்பதை அங்கங்கே உருவிப் பார்ப்பார்கள். அந்த எண்பதில் சின்னக் குறை ஐந்து வரை இருந்தால் பாஸ். ஆறாவது வந்தால் மொத்த லாட்டும் திரும்பும். கண்டிப்புக்குப் பேர்போன வெளிநாட்டுக்காரன் போட்ட கணக்கு அது. வருடக்கணக்காக அந்த அட்டவணை எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. நான் அதைச் சுவரோடு சுவராகத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நூல் பிசிறு ஒன்று. லேபிள் கோணல் ஒன்று. கறை ஒன்று. பட்டன் ஒன்று. எழுபது தாண்டியபோது கழுத்துப் பட்டியில் சுருக்கம், ஐந்தாவது. மொதலாளிக்கு வேர்த்துவிட்டது. மீதியையும் விரித்துக் கொடுத்தேன். ஆறாவது வரவில்லை.

சரவணன் பேனாவை மூடி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சுதானுங்க. பாஸ். மனுசங்க தெக்கறதுதானுங்களே, இதுகூட இல்லாம இருக்குமுங்களா?"

என்னவோ அந்த வாக்கியம் என்னை வந்து அடித்தது. அந்தக் குரலில் அவ்வளவு தாராளம் இருந்தது. என்னிடம் ஒருநாளும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

ஞாயிறு பேக்கரியில் சந்தோஷமாக இருந்தார். தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் சரிசெய்ய வேண்டியது சிலது இருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் கேட்டேன்:

"எண்பதுக்கு அஞ்சு விடுதீயல்லா. எனக்கு எத்தனை விடுவீய?"

ஒரு வருடம் கழித்து என் பேச்சு எனக்கே காதில் விழுந்தது. அவர் முகம் சுளித்தார், பிறகு சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

"நீ என்ன ஷிப்மெண்ட்டா ரோஸு? அதை அனுப்பிச்சா போயிரும். நீ என்ற கூடவே இருக்கப்போறவ. உனக்கு ஒண்ணுகூட விட முடியாது."

நான் எழுந்துவிட்டேன். "எனக்கு முடியாது, நான் வாரேன்" என்றேன். என் தட்டில் ஒரு பப்ஸ் முழுதாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்கிறபடி தின்றுகொண்டே நடந்தேன். பேச்சி பாதித் தேங்காய் பன்னோடு பின்னால் ஓடிவந்தாள்.

விட்டுவிட்டு வந்ததும் விடுதலை என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதம் கம்பெனிக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். செக்கிங்கில் பாதிப் பேர் என்னிடம் பேசவில்லை. தோட்டம் துரவோடு வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்ற கொழுப்பு பிடித்தவள் நான். யாரும் பார்க்காதபோதும் சோற்றைக் கொறித்தே தின்றேன். லைன் வீட்டு ஓனர் போனுக்கு அவர் கூப்பிட்டு ரோஜாவைக் கேட்டபோது பேச்சிதான் எடுத்தாள். "ரோஜாவா? இங்க ரோஸ்லின்தான் இருக்கா. ரோஜான்னு யாருமில்ல. நம்பர் தப்பு, வையும் அண்ணாச்சி." அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

மஞ்சள் சுடிதாரை அவளே மடித்து என் பெட்டியில் வைத்திருந்தாள். நான் ஏங்குகிற திருப்பூரில் அவள்தான் முக்கால்வாசி. கருவாட்டை வறுத்து, கதவைத் திறந்துபோட்டு, லைன் வீடு முழுக்க மணக்க நாங்கள் தின்ற ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஈடாக இந்த ஊரில் ஒன்றும் இல்லை. இங்கே கருவாடு வறுத்தால் தீயணைப்பு வண்டி வரும்.

பிறகு ஜோசப் வந்தார். நாகர்கோவில்காரர், பின்னல் மெஷின் மெக்கானிக். ஜெர்மன் கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சர்ச் மூலமாக என்னைப் பெண் கேட்டார்கள். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்கிட்ட என்ன மாத்தணும்?" மனிதர் பாவம், பரீட்சைபோல யோசித்தார். "ஜெர்மன் படிக்கணும்" என்றார்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

எங்கள் மகள் ஹன்னாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும்; பதில் பாதி ஜெர்மனில் வரும். அவள் பெயரை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஞாயிறு அவளுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல், வளர்ந்த பிள்ளையைச் சபையில் முழுதாகச் சேர்க்கும் சடங்கு. நீல உடை ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து வாங்கியிருந்தாள். ஒரு வாரமாக அதை என் கண்ணில் காட்டவில்லை. சனிக்கிழமை அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"போட்டுக் காட்டேன், பார்க்கிறேன்."

"வேணாம்மா." கதவுக்கு உள்ளேயிருந்து சொன்னாள். "இப்ப எனக்கு இது பிடிச்சிருக்கு. நீ பாத்தா அப்புறம் பிடிக்காது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும் என்று சொல்வதுபோல. நான் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்து, முடியைக் கட்டு, இப்படிப் பேசாதே, அந்தச் சிநேகிதி எப்படி இருக்கிறாள் பார். இந்தப் பதினான்கு வருடத்தில் நான் அவளிடம் சொன்னதெல்லாம் ஒன்றொன்றாக வந்தது. எல்லாம் அவள் நன்மைக்குத்தான் சொன்னேன். சரவணனும் அப்படித்தான் சொன்னார். அந்த மனிதரைப் பேக்கரியில் விட்டுவிட்டு வந்ததாக இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வெயிலில் ஹன்னா என் முன்னால் வந்து நின்றாள். நீல உடை. இடதுபக்க விளிம்பு அரை விரற்கடை இறங்கியிருந்தது. பார்க்காமல் இருக்க என் கண்ணால் முடியாது. வாயால் முடியும்.

"அழகா இருக்கே" என்றேன்.

அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆனா?" என்றாள்.

"ஆனா ஒண்ணுமில்ல. அழகா இருக்கே."

அவள் நம்பவில்லை. குனிந்து, கையை, பிறகு கழுத்தை, பிறகு விளிம்பை என்று தன் உடையில் தானே தேட ஆரம்பித்தாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.